தகப்பன் தராத ரத்தம்

முட்டை உரிப்பதில் எங்கள் வீட்டில் எனக்குத்தான் கைப்பதம். வெந்த முட்டையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே தட்டி, உள்தோலோடு சேர்த்து இழுத்தால் வெள்ளையில் ஒரு கீறல் விழாது. அன்று காலை என் தங்கை சேர்வா, கிழங்கை வேகவைத்து, பனையெண்ணெய் விட்டு மசித்துக்கொண்டிருந்தாள். பிறந்தநாளுக்கும், நோயிலிருந்து எழுந்ததற்கும், நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போதும் எங்கள் அசாந்தி இனத்து வீடுகளில் அதைத்தான் செய்வார்கள். அதன் தலையில் வைக்கிற முட்டை முழுசாக இருக்க வேண்டும். நான் உரித்து வைத்தேன். முழுசாகத்தான் இருந்தது.

யாவ் வந்தான், முட்டையை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய், மசியலையும் தின்னு. வெறும் முட்டையோட ஓடுனா பாதியிலேயே சுருண்டுருவ," என்றாள் சேர்வா.

"பாதியிலதாம்மா இறக்கவே போறாங்க. எனக்கெல்லாம் முழு ஆட்டம் யாரு குடுக்குறா?"

அவன் தங்கை அச்சியா பள்ளிப் பையை மாட்டிக்கொண்டே, "டிவியில வர்றப்ப மூக்கை நோண்டாத. என் கிளாஸ்ல எல்லாரும் பார்ப்பாங்க," என்றாள். அவன் அவளைப் பார்த்து மூக்கை நோண்டிக் காட்டினான். நான் காரை எடுக்கப் போனேன். மசியல் தட்டில் அப்படியே இருந்தது.

யாவ் என் தங்கை மகன். பதினான்கு வயது. இந்த நாட்டில் அந்த வயதில் தொழில்முறைக் கால்பந்து அணியில் சட்டை வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாங்கள் நியூயார்க்கிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தூரத்தில், வூஸ்டரில் இருந்தோம். சேர்வா முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிவிடும் வேலையில் இருந்தாள். நான் எங்கள் சொந்த ஊரான குமாசியில் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். இங்கே மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். குமாசியில் நானும் ஆடினேன். யாரும் என்னை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், பிறகு வருவதெல்லாம் அதில்தான் நிற்கிறது. எங்களில் பிள்ளை தாயின் ரத்தம். தகப்பன் தருவது ஆவி, குணம், முகத்தின் களை என்று ஏதேதோ சொல்வார்கள். ரத்தம் அவன் தருவதில்லை. ஆகவே குடும்பம் என்றால் தாய்வழி. தகப்பன் அந்த வீட்டில் மரியாதைக்குரிய விருந்தாளி. பிள்ளைக்குப் பொறுப்பு தாய்மாமன். யாவின் தகப்பன் ஒபிரி, அச்சியா வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனான். அவன் உயிரோடு இருந்திருந்தாலும் யாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்தான்.

போட்டேன். கிளப்பின் அரங்கில் நீல விரிப்புப் போட்ட மேசை. கழுத்துப்பட்டையை யாவுக்கு நான் கட்டிவிட்டேன். படம் எடுத்தவர்கள் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவன் கையைக் குலுக்கிய பெரிய மனிதர்கள், குலுக்கிய பிறகு அவன் தலையையும் தடவினார்கள். சந்தையில் ஆட்டை வாங்குகிறவன் பல்லைப் பார்த்த பிறகு முதுகைத் தடவுவான், அப்படி. எனக்கு உமட்டியது. ஆனால் அடுத்த ஞாயிறு எங்கள் சர்ச்சில் போதகர் என்னைப் பெயர் சொல்லி அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார். பெட்டி அடுக்குகிறவன் என்று அதுவரை என் பக்கம் திரும்பாதவர்கள், "யாவோட மாமா, இப்படி வாங்க, இப்படி வாங்க," என்று நாற்காலியைத் துடைத்தார்கள். அதில் எனக்கு உமட்டல் வரவில்லை. இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்துக்கு முன் கிளப்பின் டாக்டர் பார்த்தார். நல்ல மனிதர், கை சூடாக இருந்தது. முட்டியைத் தட்டினார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். யாவ் சிறுவன் என்பதால் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சேர்வாவுக்கு அன்று வேலை.

"உங்க குடும்பத்துல யாராவது ஐம்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

"நல்ல உறுதியான குடும்பம்," என்று யாவின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். உண்டு என்று சொல்கிறவர்களை நெஞ்சுக்குள் படம் பிடித்துப் பார்க்க அனுப்புவார்கள் என்று அந்த அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நான் வாசிக்கத் தெரிந்தவன்.

என் தாய்க்கு எண்பது. அவள் தாய் அதைவிட நீண்ட காலம் இருந்தாள். என் மாமன்மார் எல்லாரும் பல் விழுந்துதான் போனார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் திடீரென்று சாகவில்லை. நான் சொன்ன பதிலில் பொய் கிடையாது.

பிறகு பால் வந்தது. ஒரு பால் கம்பெனி அவனை விளம்பரத்துக்கு எடுத்தது. பெரிய கண்ணாடித் தம்ளரில் பாலைக் குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு "இன்னும் வளர்றேன்" என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் பால் ஒத்துக்கொள்ளாது. அதை நான் சொன்னேன். குடித்ததும் வாளியில் துப்பிவிடலாம் என்றார்கள். வாளியைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன்.

காலையிலிருந்து மதியம் வரை. துப்புவதற்குள் கொஞ்சம் உள்ளே போய்விடும். கொஞ்ச நேரத்தில் அவன் துப்புவது நின்று வாந்தி எடுப்பது தொடங்கியது. விளக்குச் சூட்டில் வாளி புளித்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் பஞ்சால் அவன் வாயைத் துடைத்துப் புது மீசை வரைந்தாள். அது பால்கூட இல்லை, ஏதோ பசை. அப்புறம் அவனை மேசைக்கும் கதவுக்கும் இடையே பந்தோடு ஓடவிட்டார்கள். ஓடி வந்தவன் வாளிக்குப் பக்கத்தில் விழுந்தான். கால் மடங்கவில்லை, தடுக்கவில்லை. நின்ற இடத்தில் உள்ளே யாரோ விளக்கை அணைத்தது போல விழுந்தான்.

சற்று நேரத்தில் கண் திறந்தான். "மாமா, நான் தூங்கிட்டேனா?" என்றான்.

"பால் ஒத்துக்கலை," என்று நான் எல்லாருக்கும் சொன்னேன்.

படம் எடுக்கிறவன் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தான். "இப்ப கண்ணு நல்லா மினுங்குது. முடிஞ்சா இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்துடலாமா?" என்று கேட்டான். எடுத்தார்கள். ஊரெல்லாம் பேருந்துகளில் ஒட்டியது அந்தப் படம்தான். அந்த நாற்றம் காரின் இருக்கையை விட்டுப் போகவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் அந்த ஆளின் கன்னத்தில் அறைந்திருப்பான். நான் வாளியைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அணியில் அவனுக்குப் "பால்காரன்" என்று பெயர் விழுந்தது. தலைவன் டெஸ்மண்ட், ஜமைக்காக்காரன், முப்பதைத் தாண்டிய தடுப்பாட்டக்காரன். முதல் பயிற்சியிலேயே, "டேய் பால்காரா, பல்லு முளைச்சிடுச்சா, இல்ல ஈறாலதான் பந்தைக் கடிப்பியா?" என்றான். யாவ் அவன் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு எடுத்துக்கொண்டு, "உங்க முட்டிக்கு வயசாயிடுச்சு அண்ணே, நடுவுல கேட்டைப் பூட்ட மறந்துட்டீங்க," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு முட்டிக்கட்டு மாட்டிவிடுவது டெஸ்மண்ட்தான். அவர்கள் நல்லவர்கள். இதில் அவர்கள் யார் மீதும் எனக்குக் குறை இல்லை.

அந்தப் படம் பேருந்துகளில் வந்த பிறகு ஒபிரியின் தம்பி பொன்சு நியூயார்க்கிலிருந்து வந்தான். அங்கே பேருந்து ஓட்டுகிறவன். ஒரு பெரிய பெருவள்ளிக்கிழங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். உட்காரச் சொன்னேன். அவன் உட்காராமல் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு.

"தொட்டுப் பாரு மச்சான். மிஷின். நெஞ்சு நின்னா இது உதைக்கும்," என்றான். "டாக்டருங்க சொல்றாங்க, எங்க ஆளுங்களுக்கு நெஞ்சுச் சதை தடிப்பு. எங்க சித்தப்பன் வயல்ல போனான். எங்க அண்ணன் எப்படிப் போனான்னு நான் உனக்குச் சொல்லணுமா? நீயும்தானே அன்னிக்கு ஆடுன."

ஆடினேன். குமாசியில் செம்மண் மைதானம், நாங்கள் முன்னிலையில் இருந்தோம். பந்து ஒபிரியிடம் இல்லை. யாரும் அவனை இடிக்கவில்லை. கோட்டுப் பக்கம் மெதுவாக நடந்து போனவன் ஷூ கட்டப் போகிறவன் போல உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான். வாயில் செம்மண் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டது நான்.

"யாவை ஒரு தடவை உள்ள படம் புடிச்சுப் பார்க்கச் சொல்லு மச்சான். தப்பா இருந்தா ஆடக் கூடாது. அவ்வளவுதான். உயிரோட இருப்பான்."

"பொன்சு, யாவ் எங்க வீட்டுப் பிள்ளை. உங்க வீட்டு நோய் எங்க ரத்தத்துக்குள்ள எப்படி வரும்?"

"நோய்க்கு உன் வழக்கம் தெரியுமாய்யா? வாத்தியாரா இருந்தவன், படிச்சவன் மாதிரி பேசு."

"வந்த இடத்துல மரியாதையா இரு," என்றேன். தகப்பன் வழி ஆள் தாய்மாமனிடம் அதற்கு மேல் பேச வழியில்லை. அவனுக்கும் வழக்கம் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். கிழங்கைத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னேன். வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு, யாவின் முதல் ஆட்டத்தன்று காலை சேர்வா மசித்தது அந்தக் கிழங்குதான்.

பொன்சு வந்துபோன அன்று வேலையிலிருந்து வந்த சேர்வா, அவன் தொலைபேசியில் அழைத்ததாகச் சொல்லி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் ஒரு பதில் சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பயிற்சிக்குப் போகும் வழியில், காரில், யாவ் தானாகவே சொன்னான்.

"மாமா, சில நேரம் நெஞ்சுக்குள்ள ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பந்து தட்டுற மாதிரி இருக்கு. அப்புறம் ரெண்டு பேருமே நிறுத்திடுறாங்க."

"பயமா இருக்கா?"

"பயம் இல்ல. டாக்டர்கிட்ட சொல்லணுமான்னு கேக்குறேன்."

"சொன்னா உட்கார வச்சிருவாங்க."

"எத்தனை நாளைக்கு?"

எனக்குப் பதில் தெரியும். சாலையில் பனிக்கட்டி உருகிச் சேறாகக் கிடந்தது. ஒரு லாரி அதை எங்கள் கண்ணாடியில் வாரி அடித்தது. துடைப்பானை ஓடவிட்டேன். பிறகு, "என்னைக் கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உன் அம்மாகிட்டயும்," என்றேன்.

"சரி மாமா," என்றான். சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. அப்படித்தான் வளர்த்திருந்தோம்.

சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். அரங்கு நிறைந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் மேலுதட்டில் வெள்ளைச் சாயம் பூசியிருந்தார்கள். பெரிய ஆண்கள், பீர் குடித்துக்கொண்டே, குழந்தை மீசையோடு. பார்க்க அருவருப்பாக இருந்தது. எதிரணிக்காரர்கள் "பால் எங்கே, பால் எங்கே" என்று கத்தினார்கள். சேர்வாவுக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. நான் பெரிய மனிதர்களோடு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசை.

பிற்பாதியில் இறக்கினார்கள். அவன் தொட்ட முதல் பந்திலேயே ஒருவனை ஏமாற்றினான். பிறகு இன்னொருவனை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என் தொடையைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் ஆடியதைப் போல நான் என் வாழ்நாளில் ஆடியதில்லை. ஒபிரி ஆடியிருக்கிறான்.

யாவ் பந்தை டெஸ்மண்டுக்குத் தட்டிவிட்டு, கோட்டுப் பக்கம் மெதுவாக நடந்தான். யாரும் அருகில் இல்லை. ஷூ கட்டப் போகிறவன் போல உட்கார்ந்தான்.

அரங்கு சிரித்தது. டெஸ்மண்ட் தூரத்திலிருந்து, "எந்திரிடா பால்காரா, தொட்டில் வேணுமா?" என்று கத்தியதாகப் பிறகு அவனே அழுதுகொண்டு சொன்னான். யாவ் நடிக்கிறான், களைத்துவிட்டான், கொழுப்பு என்று ஆளுக்கு ஒன்று நினைத்தார்கள். அத்தனை ஆயிரம் பேரில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன். நான் எழுந்து கத்தவில்லை. எழுந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் என்று தோன்றியது. அந்த எண்ணம் முதலில் வந்தது. மற்ற எண்ணமெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

ஆம்புலன்ஸில் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "இதய நோய் இருக்கா? குடும்பத்துல யாருக்காவது?"

"இல்லை," என்றேன். மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும்.

அவன் மேலுதட்டில் புல் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்தவற்றை யாராவது எழுத வேண்டும். அரங்கின் வாசலில் ரசிகர்கள் பூ வைக்கவில்லை, பால் வைத்தார்கள். அட்டைப் பெட்டிகளிலும் புட்டிகளிலும், நூற்றுக்கணக்கில், மெழுகுவத்திகளுக்கு நடுவே. அந்த வாரம் வெயில் அடித்தது. பெட்டிகள் உப்பி வெடித்தன. தயிரும் தண்ணீருமாகப் பிரிந்து நடைபாதையில் ஓடியது. ஈ. அதன் மேல் நின்றுதான் தொலைக்காட்சிக்காரர்கள் மூக்கைச் சுளிக்காமல் பேசினார்கள். பால் கம்பெனி மலர்வளையம் அனுப்பியது, நாடாவில் தன் பெயரோடு. அவன் எண் போட்ட கழுத்துத் துணியை ஒருவன் கூவி விற்றான். போதகர் மூன்று ஞாயிறுகள் அவனைப் பற்றியே பிரசங்கம் செய்து, கடைசியில் காணிக்கைத் தட்டைச் சுற்றி விட்டார். விசாரணை செய்தவர்கள், யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாதது என்று முடித்தார்கள். நான் எல்லாரையும் பார்த்தேன். இவ்வளவு கேவலமான மனிதர்களா என்று இருந்தது. அவர்கள் நடுவே கறுப்பும் சிவப்பும் துக்கத் துணி போர்த்திக்கொண்டு நான் நின்றேன். வந்தவர்கள் வரிசையில் வந்து முதலில் என் கையைத்தான் பிடித்தார்கள். தாய்மாமன் அல்லவா.

பிள்ளை செத்தால் பெட்டி தருவது தகப்பன் வழியார் கடமை. அதை நான் மறந்தே போயிருந்தேன். பொன்சு மறக்கவில்லை. வெள்ளைப் பெட்டியோடு நியூயார்க்கிலிருந்து வந்தான்.

"இதை நீ வேண்டாம்னு சொல்ல முடியாது மச்சான். பெட்டி நாங்கதான் குடுக்கணும். இதுக்காவது நாங்க சொந்தம்தானே?"

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது சேர்வாவுக்கு நான் சொன்ன பதில். பொன்சு வந்துபோன அன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அண்ணே, டாக்டர்கிட்ட ஒபிரியைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன். நெஞ்சுக்குள்ள படமெல்லாம் புடிச்சுப் பார்த்துட்டாங்க. சுத்தமா இருக்கு."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, சிரித்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். தகப்பனைக் குடும்பத்தில் எண்ணுவதில்லை என்பதற்கு வழக்கம் இருக்கிறது. தங்கையிடம் சொன்ன இந்தப் பதிலுக்கு எந்த வழக்கமும் இல்லை. எத்தனையோ விதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். யாவின் நெஞ்சு அவன் தகப்பனின் நெஞ்சு என்று எனக்கு அந்த வாளியின் பக்கத்திலேயே தெரியும். தெரிந்துதான் அவனை ஆடவிட்டேன். இரண்டு மூன்று வருடம் தாங்கும் என்று நினைத்தேன். அவனைக் கொன்றது நான்.

அடுத்து நடந்தது நடக்காமல் இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். யாவுக்கு இருந்தது அவளுக்கும் இருக்குமோ என்று அச்சியாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். இது வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், இளம் பெண். சேர்வா நடுவில், நான் ஓரத்தில். அச்சியா படுக்கையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதே கேள்வி வந்தது.

"உங்க குடும்பத்துல திடீர்னு இறந்தவங்க எத்தனை பேர்?"

பழக்கத்தில் நான்தான் முந்திக்கொண்டேன். "ஒருத்தன்," என்றேன்.

டாக்டர் குனிந்து எழுதினாள். சேர்வா எழுதுகிற கையைப் பார்த்தாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"அண்ணே. யாவோட டாக்டர்கிட்டயும் ஒபிரியை விட்டுட்டு இப்படித்தான் எண்ணுனியா?"

அச்சியா காலை ஆட்டுவதை நிறுத்தினாள். சேர்வா கேட்டதற்கு இந்த எழுத்துதான் என் பதில். சேர்வா நான் இருந்த அறையைப் பூட்டிவிட்டாள். என் சாமான்களைப் பொன்சு வந்து எடுத்துக் கொடுத்தான். அச்சியாவின் தோளுக்குக் கீழே இப்போது தீப்பெட்டி அளவில் ஒரு மேடு இருக்கிறது. அவள் உயிரோடு இருப்பாள்.

நான் எங்கே வேண்டுமானாலும் வந்து, கேட்கிறவர்களுக்கு இதையே சொல்லத் தயாராக இருக்கிறேன். 'ஒருத்தன்' என்ற சொல்லை மட்டும் மாற்ற முடியாது. அந்த இளம் டாக்டர் கேட்டது எங்கள் குடும்பத்தை. எங்கள் வழக்கப்படி எண்ணினால், இன்றைக்கும் ஒன்றுதான்.